சோவானா நதியும் சோனகர் பெயரும்: ஒரு மறுவாசிப்பு

நம்மவர் கூட்டங்களிலும் நினைவு மலர்களிலும் ஒரு படத்தை அடிக்கடி காணலாம். பழுப்பு நிறத்தில், முட்டை வடிவத்தில், உண்மையான இலங்கையைவிடப் பல மடங்கு பெருத்த ஒரு தீவு. மேலே 'தப்ரபேன்' என்று எழுதியிருக்கும். உள்ளே மலைகள், யானைகள், ஐந்து ஆறுகள். மேற்குக் கரையில் விழும் ஆற்றின் அருகே 'சோவானா ஃப்ளூவியஸ்' என்று இலத்தீனில் ஒரு குறிப்பு. அந்த இடத்தில் விரலை வைத்துத்தான் பேச்சாளர் குரலை உயர்த்துவார்.

ஹட்டனில் ஒரு முறை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ஒரு நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நானா, சோவானா எண்டா சோனகன். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே எங்கட பேர்ல ஒரு ஆறு ஓடியிருக்கு. அதுவும் எங்கட இந்த மலையிலயிருந்து. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு அன்று மனம் வரவில்லை. ஆனால் ஆய்விதழ் என்று பெயர் வைத்துக்கொண்ட பக்கங்களிலும் இதே வாதம் கேள்வியில்லாமல் போய்க்கொண்டிருப்பதால், அதைச் சற்று நிதானமாகச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். நம் சமூகத்தின் பழமையை மறுப்பதற்காக இதை எழுதவில்லை. தாங்காத தூணில் நல்ல கூரையைப் போட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தொலமி என்ன எழுதினார்?

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, கி.பி. 150 அளவில் தமது புவியியல் நூலைக் கிரேக்க மொழியில் எழுதினார். எட்டுப் பாகங்கள். ஏழாம் பாகத்தில் தப்ரபேன் வருகிறது. அவர் இங்கு வந்தவர் அல்லர். மாலுமிகளிடமும் வணிகர்களிடமும் கிடைத்த செய்திகளைச் சேர்த்து, ஒவ்வோர் இடத்துக்கும் நெட்டாங்கு, அகலாங்கு எண்களைக் கொடுத்துப் பட்டியலிட்டார்.

அந்தப் பட்டியலில் ஐந்து ஆறுகள்: சோவானா, அசானோஸ், பாராக்கேஸ், கங்கேஸ், ஃபாசிஸ். இரண்டு மலைத்தொகுதிகள்: கலிபா, மலையா. கங்கேசும் ஃபாசிசும் கலிபாவிலிருந்து வருகின்றன. சோவானாவும் அசானோசும் பாராக்கேசும் மலையாவிலிருந்து இறங்குகின்றன. மலையாவின் அடிவாரத்தில் கடலை நோக்கிய பக்கம் யானைகளின் மேய்ச்சல் நிலம் என்கிறார்.

'மலையா' என்ற பெயரைக் கேட்டதும் மலையகத்தில் இருக்கிற நமக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். அது நியாயமான சிலிர்ப்பு. பாளி நூல்கள் மத்திய மலைநாட்டை 'மலய' என்றே சொல்கின்றன. நமக்கு அது 'மலை'. தொலமிக்குச் செய்தி சொன்னவர் இங்கே யாரோ சொன்ன ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறார் என்பதில் பெரிய ஐயம் இல்லை. அநுராதபுரம் 'அனூரோகிரம்மோன்' என்று, அரசனின் இருப்பிடமாக, அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே தொலமியைப் பொய்யர் என்று தள்ளவும் முடியாது. அவர் சொன்னதில் எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் காட்டப்படுவது தொலமி வரைந்த படம் அல்ல. அவர் கையால் வரைந்த எதுவும் எஞ்சவில்லை. பைசாந்தியத் துறவி பிளானூதேஸ் 1295 அளவில் நூலின் பிரதிகளைத் தேடியெடுத்து, அதிலுள்ள எண்களைக் கொண்டு படங்களை மீண்டும் வரையச் செய்தார். நூல் இலத்தீனுக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். படங்களோடு முதலில் அச்சானது 1477இல், இத்தாலியின் பொலோஞா நகரில். 'ஃப்ளூவியஸ்' என்பது ஆறு என்ற பொருள் தரும் இலத்தீன் சொல். ஆக நாம் பிரதி எடுத்து ஒட்டுவது, தொலமிக்கு ஆயிரத்து முன்னூறு வருடம் பிந்திய ஐரோப்பியப் படம். எழுத்து எழுத்தாக அதில் விரல் வைத்து வாதாடுவதற்கு முன்னர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து ஆறுகளுக்கு ஐந்து இனங்கள்

சோவானா வாதம் தனியாக வருவதில்லை. கூடவே மற்ற ஆறுகளுக்கும் பெயர்ப்பொருள் சொல்லப்படுகிறது. ஃபாசிஸ் என்றால் பாரசீகரின் ஆறு; அசானோஸ் என்றால் அபிசீனியரின் ஆறு; சோவானா என்றால் அரபியரின் ஆறு. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. பழைய இலங்கையின் துறைமுகங்களில் எல்லா நாட்டாரும் இருந்தார்கள் என்ற உண்மையோடும் இது ஒத்துப்போகிறது. ஆனால் ஒரு கூற்று அழகாக இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மத்ன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இஸ்நாத் எங்கே என்றுதானே முதலில் கேட்பார்கள்?

ஃபாசிசிலிருந்து தொடங்குவோம். இது இலங்கைக்கு வந்த பிறகு பிறந்த பெயரே அல்ல. கருங்கடலின் கிழக்குக் கரையில், பழைய கொல்கிஸ் நாட்டில் ஓடிய ஆறு ஃபாசிஸ். இன்று ஜோர்ஜியாவில் ரியோனி என்ற பெயரில் ஓடுகிறது. கிரேக்கரின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றான ஹெசியோதின் தெய்வ வம்ச நூலிலேயே ஆறுகளின் வரிசையில் இந்தப் பெயர் உண்டு. பொன்மயிர்த் தோலைத் தேடிக் கப்பலேறிப் போன ஜேசன் போய்ச் சேர்ந்த ஆறு இதுதான். அந்த ஆற்றங்கரையிலிருந்து வந்த பறவை என்பதால்தான் ஆங்கிலத்தில் ஃபெசன்ட் எனப்படும் காட்டுக்கோழி இனத்துக்கும் அப்பெயர் வந்தது. பாரசீகரைக் கிரேக்கர் 'பெர்சாய்' என்றார்கள்; அதில் உள்ள ரகரம் ஃபாசிசில் இல்லை. கிரேக்க மொழி பேசுகிறவருக்குப் பாரசீகரையும் ஃபாசிசையும் குழப்பிக்கொள்ளக் காரணமே இல்லை. எங்கோ கேட்ட ஓர் உள்ளூர்ப் பெயர், காதுக்குப் பழகிய ஃபாசிஸ் என்ற உருவத்தில் போய் விழுந்திருக்கலாம். அல்லது மாலுமியே தனக்குத் தெரிந்த பெயரை வைத்திருக்கலாம். இரண்டிலும் பாரசீகருக்கு இடமில்லை.

இப்போது சோவானாவுக்கு வருவோம். நம் கட்டுரைகளில் இதுவரை யாரும் கவனிக்காமல் விட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது. தொலமியின் அதே நூலில், ஐந்தாம் பாகத்தில், இன்னொரு சோவானா இருக்கிறது. அது கஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், காக்கேசிய மலைகளின் பக்கம் கடலில் விழும் ஆறு. அதே மலைகளில், கொல்கிசுக்கு மேலே, 'சோவானேஸ்' என்ற மக்கள் வாழ்ந்ததாகத் தொலமிக்கு முந்திய ஸ்திராபோ எழுதியிருக்கிறார். மலை அருவிகள் அடித்து வரும் பொன் துகளை அவர்கள் ஆட்டுத்தோலில் பிடித்தார்கள் என்றும், பொன்மயிர்த் தோல் கதை அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்.

ஆக, தப்ரபேனின் ஐந்து ஆறுகளில் இரண்டுக்கு, ஃபாசிசுக்கும் சோவானாவுக்கும், காக்கேசியப் பக்கத்தில் அதே பெயரில் இரட்டைகள் உண்டு. மேற்குக் கரைச் சோவானா சோனகரைக் குறிக்கிறது என்றால், கஸ்பியன் கரைச் சோவானா யாரைக் குறிக்கிறது? அங்கேயும் சோனகர் இருந்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாதம் ஓர் அடி நகர முடியாது.

சிலர் இன்னொரு சான்றைக் காட்டுவார்கள். தப்ரபேனின் மக்கள் கூட்டங்களில் 'சோவானோய்' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது சோனகர்தானே என்பார்கள். பட்டியலை முழுதாக வாசித்தால் விடை கிடைத்துவிடும். கலிபா மலைப் பக்கத்தவர் கலிபோய். அனூரோகிரம்மோன் பக்கத்தவர் அனூரோகிரம்மோய். நாகதீபாப் பக்கத்தவர் நாகதீபோய். பொக்கானா பக்கத்தவர் பொக்கானோய். இடப்பெயரின் வாலை மாற்றி மக்கள் பெயர் ஆக்கியிருக்கிறார், அவ்வளவே. ஹட்டன் பக்கத்து ஆட்களை நாம் 'ஹட்டன்காரர்' என்பது மாதிரி. சோவானோய் என்றால் சோவானா ஆற்றுப் பக்கத்தவர். ஆற்றிலிருந்து மக்களுக்குப் பெயர் போயிருக்கிறதே தவிர, மக்களிடமிருந்து ஆற்றுக்கு வரவில்லை.

கங்கேசும் காசல்ரீயும்

இந்தப் பெயர்கள் எப்படி உருவாயின என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிய ஆய்வு தேவையில்லை. மலைநாட்டில் கண்ணைத் திறந்து பார்த்தாலே போதும்.

தொலமியின் கங்கேஸ் கிழக்குக் கரையில் விழுகிறது. அது மகாவலி என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். நம் மலைகளின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கும் ஆறு. அதற்கு எப்படிக் கங்கை என்று பெயர் வந்தது? வட இந்தியர் வந்து வைத்தார்கள் என்று நீண்ட கதை கட்டலாம். ஆனால் சிங்களத்தில் 'கங்க' என்றால் ஆறு, எந்தப் பெரிய ஆறும். மகாவலி கங்கை, களனி கங்கை, வளவை கங்கை என்று நாமும் சொல்கிறோம். துறைமுகத்தில் நின்ற மாலுமி 'இது என்ன?' என்று கேட்டிருப்பான். பக்கத்தில் நின்றவன் 'கங்க' என்றிருப்பான். பொதுப்பெயர் கிரேக்க ஏட்டில் சிறப்புப்பெயர் ஆகிவிட்டது. இது என் ஊகம்தான். ஆனால் பாரசீகப் படையெடுப்பைவிட எளிய ஊகம்.

அதே பட்டியலில் சேயுஸ் தெய்வத்தின் முனை, தியோனிசோசின் முனை, சூரியனின் துறை என்றெல்லாம் கரையோரப் பெயர்கள் வருகின்றன. அவை கிரேக்க மாலுமிகள் கூடவே கொண்டுவந்து ஒட்டிய பெயர்கள். அதைக் காட்டி அந்த முனையில் சேயுசை வணங்கும் ஊர் இருந்தது என்று எவரும் வாதிடுவதில்லை. ஆக, பட்டியலில் இரண்டு வகை உண்டு: இங்கே கேட்டு எழுதியவை, அங்கிருந்து கொண்டு வந்து ஒட்டியவை.

ஒட்டுவது எப்படி நடக்கும் என்பதற்கு டிக்கோயாப் பாதையில் போனால் போதும். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தின் பெயர் காசல்ரீ. அது அயர்லாந்தின் ஓர் இடப்பெயர். தோட்டத்துத் துரைமார் காலத்தில் கடல் கடந்து வந்தது. ஹட்டன் என்ற பெயரும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்ததே. ஆயிரம் வருடம் கழித்து ஒருவர் வந்து, 'காசல்ரீ' என்பதில் 'காசு' இருக்கிறது, ஆகவே இது பழைய வணிகர் குடியிருப்பு என்று கட்டுரை எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா? தன் ஊர்ப் பெயரைப் பிற ஊரில் ஒட்டுவது, கேட்ட பெயரைத் தன் காதுக்கு ஏற்றபடி வளைப்பது, இரண்டையும் கிரேக்கனும் செய்தான், வெள்ளைக்காரத் துரையும் செய்தான்.

இந்த இடத்தில் நமக்கே உரிய ஒரு சபலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாராக்கேஸ் என்ற ஆற்றுப் பெயரைப் பார்த்ததும் எனக்கும் 'பரக்கத்' என்று நாக்கு நுனியில் வந்தது. மலையிலிருந்து வரும் நீர், அபிவிருத்தி, அருள்... எவ்வளவு பொருத்தம்! ஆனால் தொலமி கச்சு வளைகுடாப் பக்கத்திலும் 'பாராக்கே' என்று ஒரு தீவைக் குறித்திருக்கிறார். ஒலி ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது. அசானோசும் அப்படியே. கிழக்கு ஆபிரிக்கக் கரையை அக்கால மாலுமிகள் 'அசானியா' என்றது உண்மை. அதனால் இங்குள்ள ஆறு அவர்களுடையது என்பதற்கு ஒலியைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஒற்றைச் சாட்சி, அதுவும் ஊமைச் சாட்சி.

சோனகர் என்ற சொல்லின் உண்மையான பயணம்

அப்படியானால் சோனகர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? இதற்குத் தொடர் அறுபடாத விடை இருக்கிறது. விந்தை என்னவென்றால், அதன் தலையிலும் கிரேக்கம்தான் நிற்கிறது. ஆனால் ஆறாக அல்ல.

சின்ன ஆசியாவின் கரையில் வாழ்ந்த கிரேக்கர் தம்மை இயோனியர் என்றார்கள். அவர்களை அடக்கி ஆண்ட பாரசீகர் அந்தப் பெயரை 'யவுன' என்று எல்லாக் கிரேக்கருக்கும் வழங்கினார்கள். தாரியுஸ் மன்னனின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் அது இருக்கிறது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. சமஸ்கிருதத்தில் யவன, பாளியில் யோன, யோனக. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் பாறைச் சாசனத்தில் அந்தியோக்கஸ் என்ற கிரேக்க மன்னனை யோன அரசன் என்கிறான். சங்கத் தமிழில் அவர்கள் யவனர். பிராகிருத வழக்கில் முதல் யகரம் ஜகரமாவது இயல்பு. யோனக என்பது ஜோனக ஆகும். மலையாளக் கரையில் மாப்பிள்ளைமாரை 'ஜோனகர்' என்பது அந்த வடிவம். தமிழ் எழுத்தில் அது சோனகர். தஞ்சைப் பெரிய கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் சோனகன் சாவூர் என்பவரின் பெயர் வருகிறது. பழைய உரையாசிரியர்கள் யவனர் என்ற சொல்லுக்குச் சோனகர் என்றே பொருள் எழுதினார்கள்.

இந்தத் தொடரைக் கையில் வைத்துக்கொண்டு சோவானாவைப் பாருங்கள். தொலமியின் காலமான 2ஆம் நூற்றாண்டில் தமிழில் யவனர், பாளியில் யோன. சகரத்தில் தொடங்கும் வடிவம் நமக்குக் கிடைப்பது பல நூற்றாண்டுகள் கழித்து. அப்படியே அது முன்னமே இருந்தது என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், அந்தக் காலத்தில் அது யாரைக் குறித்திருக்கும்? கிரேக்கரையும் ரோமரையும். அரபியரை அல்ல. இஸ்லாம் வர இன்னும் ஐந்நூறு வருடம் இருக்கிறது.

பாண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் யோனருக்கு இடம் ஒதுக்கினான் என்று மகாவம்சம் சொல்வதையும் நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அதே மகாவம்சத்தில், மகாதூபி கட்டத் தொடங்கியபோது அலசந்தா நகரத்திலிருந்து முப்பதாயிரம் பிக்குகளோடு வந்த யோனத் தேரர் ஒருவரும் இருக்கிறார். அவரையும் நம் மூதாதை என்று சேர்த்துக்கொள்ளத் தயாரா? ஒரு யோனரை எடுத்துக்கொண்டு மற்ற யோனரை விட்டுவிடுவது ஆய்வு ஆகாது.

எல்லாவற்றையும்விட எளிய சான்று நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிறது. அரபு மொழியில் கிரேக்கத்துக்குப் பெயர் 'யூனான்'. அதனால்தான் கிரேக்க வழி மருத்துவம் யூனானி வைத்தியம். யூனானும் யவனரும் சோனகரும் ஒரே வேரின் பிள்ளைகள். அரபி, கிரேக்கனைப் பார்த்து யூனானி என்றான். தமிழன், அரபியைப் பார்த்துச் சோனகன் என்றான். சொல் ஒன்றுதான், பார்க்கிறவன் நிற்கிற இடம்தான் வேறு. எந்த அரபியும் தன்னைத்தானே இந்தப் பெயரால் அழைத்து, அதைக் கொண்டுபோய் ஓர் ஆற்றுக்கு வைத்திருக்க மாட்டான்.

மேற்கிலிருந்து கடல் வழியாக வந்தவன் என்பதுதான் இந்தச் சொல்லின் உட்பொருள். முதலில் கிரேக்கன், பிறகு ரோமன், பிறகு அரபி, கடைசியில் முஸ்லிம். பின்னர் போர்த்துக்கேயர் வந்து 'மோரோ' என்று இன்னொரு பெயரை வைத்தார்கள். அதுவும் வட ஆபிரிக்க மக்களுக்குக் கிரேக்கரும் ரோமரும் வழங்கிய பெயரிலிருந்து வந்ததே. நம்முடைய இரண்டு இனப்பெயர்களும் பிறர் வைத்தவை.

ஏன் இது முக்கியம்?

ஓர் ஆற்றின் பெயரில் கொஞ்சம் பெருமை பேசினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருக்கிறது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை வாசித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் வெளியிட்டு, அரபு மூதாதையர் வரலாற்றை முன்வைத்தார். அந்த மறுப்பு அன்றைக்கு அவசியமாக இருந்தது. ஒரு சமூகம் தன்னை யார் என்று தானே சொல்லும் உரிமைக்கான போராட்டம் அது. ஆனால் அந்த விவாதம் நமக்கு ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது: எவ்வளவு பழையவன் என்று நிரூபித்தால்தான் இங்கே இருக்க உரிமை உண்டு என்கிற பழக்கம். சோவானா வாதம் அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளை.

இந்த அளவுகோலைக் கொண்டுவந்து ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுண்களில் வைத்துப் பாருங்கள். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் பலருடைய பாட்டன்மார் கோப்பி, தேயிலைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தோட்டத்துச் சனங்களுக்கு அரிசியும் புடவையும் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் கொப்பியைத் திறந்து உட்கார்ந்தவர்கள். குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று இரண்டு நிரல்கள் இருந்த காலத்தில் இவர்கள் இரண்டாவது நிரலில் விழுந்தார்கள். 1915 கலவரத்துக்கு முன்னோடியான கம்பளைப் பெரஹரா வழக்கில் பேசப்பட்டது கரையோர முஸ்லிம்களின் பள்ளிவாசல். அந்த நேரத்தில் 'அவர்கள் வேறு, நாங்கள் வேறு' என்று பிரித்துப் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் கழுத்தில் விழுந்தபோது, இந்திய வம்சாவளி முஸ்லிம்களின் கழுத்திலும்தான் விழுந்தது. அடுத்த வருடச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்.

இரண்டாயிரம் வருட ஆற்றைக் காட்டி உரிமை கேட்டால், நூற்றைம்பது வருடக் கடைக்காரருக்கு நாம் என்ன சொல்லப்போகிறோம்? அவருடைய ஆறு எந்தப் படத்தில் இருக்கிறது? எனக்கு அன்று சோவானாவைக் காட்டிய நண்பரின் சொந்தப் பாட்டனாரே இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த வாதம் வென்றால் முதலில் வெளியே நிற்பது அவருடைய குடும்பம்தான். இதை அவர் யோசிக்கவில்லை. அந்தப் படத்தைக் காட்டியவரும் யோசிக்கவில்லை.

இன்னொரு நட்டமும் உண்டு. பலவீனமான சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் பலமான சாட்சியின் வார்த்தையும் எடுபடாது. நம்மிடம் பலமான சாட்சிகள் இல்லையா? 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ, மாணிக்கத் தீவின் மன்னன் ஹஜ்ஜாஜுக்கு அனுப்பிய கப்பலில், அத்தீவில் பிறந்து வணிகரான தந்தையரை இழந்த முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மாணிக்கத் தீவு இலங்கையே என்பது பரவலான முடிவு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன என்பதற்கு இதைவிட உயிருள்ள சான்று வேறு என்ன? இப்னு பதூதா 1344இல் புத்தளத்திலிருந்து வந்து பாவாதமலை ஏறியதையும், பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகள் இருந்ததையும் எழுதியிருக்கிறார். 1409ஆம் ஆண்டின் காலிக் கல்வெட்டில் சீனமும் தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1626இல் போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இவை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சான்றுகள். இவற்றுக்குப் பக்கத்தில் சோவானாவை வைப்பது, ஸஹீஹான அறிவிப்புகளுக்கு நடுவில் மவ்ளூஃ ஒன்றைச் செருகுவது போன்றது.

இந்தப் பெயர்ப்பொருள்களை முதலில் கட்டியவர்களைக் கேலி செய்யவில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் கையில் கிடைத்த கிளையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இன்று நம் பல்கலைக்கழகங்களில் கற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். தொலமியின் நூல் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. பட்டியலை முழுதாக வாசிக்க ஒரு மாலை போதும். இனியும் படத்தில் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மன்னிப்பு இல்லை.

அந்தச் சோவானா மேற்குக் கரையின் எந்த ஆறு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமைப்பாடு இல்லை. எந்த உள்ளூர்ச் சொல் அந்த வடிவம் பெற்றது என்பதும் முடிவாகவில்லை. அதை 'அல்லாஹு அஃலம்' என்று விட்டுவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம் ஆலிம்கள் எழுதி வைத்துப்போன ஒழுக்கம் அது. முடிந்தால் வேறு ஒரு வேலையைத் தொடங்கலாம். மஸ்கெலியாவிலிருந்து நானுஓயா வரை, ஒவ்வொரு ஓடைக்கும் தோட்டத்துச் சனங்களும் டவுண் கடைக்காரரும் சிங்களக் கிராமத்தவரும் என்ன பெயர் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைப்பது. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் தலைகாட்டுகின்றன. அந்த நகரில் நடமாடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பெயர்களுக்கு இஸ்நாத் உண்டு. கேட்கத்தான் ஆள் வேண்டும்.